உறையாத உப்பும் உள்ளுறை வெப்பமும்: வெப்பச் சேமிப்பில் லித்தியத்தின் இடம்

வெப்பச் சேமிப்பைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். உப்பின் பெயர், உருகுநிலை, உள்ளுறை வெப்பம் என மூன்று பத்திகள். லித்தியச் சேர்மங்கள் அதில் முன்வரிசையில் நிற்கும். லித்தியம் நைட்ரேட் 254 பாகை செல்சியஸை ஒட்டி உருகும்போது கிலோவுக்குச் சுமார் 360 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சோடியம் நைட்ரேட் வாங்குவது ஏறத்தாழ அதில் பாதி. பொட்டாசியம் நைட்ரேட் கால்பங்கைச் சற்றே தாண்டும். லித்தியம் புளூரைடு 848 பாகையில் உருகுவதற்குக் கிலோவுக்கு ஆயிரம் கிலோஜூலுக்கு மேல் கேட்கிறது. லித்தியத்தின் அணுநிறை 7தான் என்பதால், கிலோவுக்கு அடங்கும் அயனிகள் மிகுதி. இவற்றைக் காட்டி, சூரிய வெப்ப மின்நிலையங்களின் எதிர்காலம் லித்திய உப்பில்தான் என்று சொல்லிவிடலாம். தவறான பத்தியைப் படித்ததால் வரும் முடிவு அது என்பதே என் வாதம்.

ஸ்பெயினின் கிரனாடா மாகாணத்தில் உள்ள அந்தாசோல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 50 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகுக்கு 28,500 டன் உப்பு: எடையில் 60 விழுக்காடு சோடியம் நைட்ரேட், 40 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட். பகலில் 290 பாகைத் தொட்டியிலிருந்து 385 பாகைத் தொட்டிக்குப் போகும் உப்பு, இரவில் திரும்பி வரும். இப்படித் தேங்கும் வெப்பம் ஏறத்தாழ 1,000 மெகாவாட் மணி. டர்பைனை ஏழரை மணி நேரம் ஓட்டப் போதுமானது. இந்தச் சுற்றில் உப்பு எங்கும் உறைவதில்லை. உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். உறையாத உப்புக்கு உள்ளுறை வெப்பம் எவ்வளவு என்ற கேள்வியே எழுவதில்லை.

லித்தியத்துக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது உருகுநிலைதான். மூன்று நைட்ரேட்டுகளையும் தக்க விகிதத்தில் கலந்தால், 240 பாகையை ஒட்டி உறையத் தொடங்கும் உப்பு 120 பாகை வரை நீர்மமாகவே இருக்கும். ஆனால் குளிர்ந்த தொட்டியின் வெப்பநிலையை முடிவுசெய்வது உப்பு மட்டுமல்ல. கொதிகலனுக்குள் நுழையும் நீரின் வெப்பநிலையும்தான். நீராவிச் சுழற்சியை மாற்றாமல் உப்பை மட்டும் மாற்றினால் தொட்டியின் கொள்ளளவு பெரிதாக உயராது; உறைந்துவிடுமோ என்ற அச்சம் குறையும். வெயிலைக் குவிக்கும் ஆடிகளின் குழாய்களிலேயே உப்பை ஓடவிடும் நிலையங்களில் அது சிறிய நன்மையன்று. 2010இல் சிசிலித் தீவின் பிரியோலோ கார்கல்லோவில் தொடங்கிய ஆர்க்கிமிடே நிலையம் அவ்வகை. அங்கே நீண்ட குழாய்களை இரவு முழுதும் சூடாக வைத்திருக்க வேண்டும். ஆனால் உரமாக விற்கும் கால்சியம் நைட்ரேட்டைக் கலந்தாலும் உருகுநிலை கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்குகிறது. அந்தக் கலவை பாகுபோல் தடிப்பது உண்மைதான். ஆயினும் விலை வேறுபாட்டோடு ஒப்பிட்டால் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை.

விலை ஏறும், இறங்கும், அளவு மாறாது. அந்தாசோலின் 28,500 டன்னில் 30 விழுக்காடு லித்தியம் நைட்ரேட் என்று கொண்டால் 8,550 டன். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 860 டன், லித்தியம். மின்கலத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 150 கிராம் லித்தியம் என்று தாராளமாகவே வைத்தாலும், அதைக் கொண்டு 5,700 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கலாம். உப்புத் தொட்டியோ ஏழரை மணி நேரத்துக்கு 375 மெகாவாட் மணி மின்சாரமே தரும். பதினைந்து மடங்கு வேறுபாடு. உப்பு பல்லாண்டு உழைக்கும், மின்கலம் தேயும் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் தேய்ந்த மின்கலத்திலிருந்தும் லித்தியத்தை மீட்கலாம். வேறு உப்பு செய்யக்கூடிய வேலையில் அதை முப்பது ஆண்டு முடக்கிவைப்பதை இந்த மறுப்பு நியாயப்படுத்தாது.

அட்டவணை பொய் சொல்லவில்லை. கிராமுக்குக் கிராம் எடை பார்க்கும் இடத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். 1982 மார்ச்சில் வெள்ளிக் கோளில் இறங்கிய சோவியத்தின் வெனேரா 13, சுமார் 457 பாகை வெப்பத்தில் 127 நிமிடம் இயங்கியது. வெனேரா இறங்குகலங்களின் உள்ளே கசிந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டது நீரேறிய லித்தியம் நைட்ரேட். 30 பாகையில் ஒரே ஒருமுறை உருகினால் போதும். அதன் கடமை முடிந்தது.

பலமுறை உருகி உறைய வேண்டிய இடத்தில்தான் சிக்கல். ஃப்ரீடம் விண்வெளி நிலையத் திட்டத்தில், பூமியின் நிழலைக் கடக்கும் நேரத்துக்காக லித்தியம் புளூரைடும் கால்சியம் புளூரைடும் சேர்ந்து 767 பாகையில் உருகும் கலவையை நாசா தேர்ந்தது. லித்தியம் புளூரைடு உறையும்போது பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். கலவையும் ஏறத்தாழ அப்படியே. கலத்தினுள் வெற்றிடம் உண்டாகிறது. தரையில் அது மேலே எழும்பி நிற்கும். எடையற்ற நிலையில் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். சூடேறும் சுவரை ஒட்டி அது நின்றுவிட்டால், வெப்பம் உப்புக்குள் போக வழியின்றிச் சுவரின் உலோகத்தையே தாக்கும். இதை அறியவே 1994 மார்ச்சில் கொலம்பியா விண்கலத்தில் லித்தியம் புளூரைடையும், 1995 செப்டம்பரில் எண்டெவர் விண்கலத்தில் அந்தக் கலவையையும் உருக்கி உறையவைத்துப் பார்த்தார்கள். அப்போது தேடப்பட்டது கிலோவுக்கு எத்தனை கிலோஜூல் என்பதன்று, குமிழி எங்கே போய் நிற்கிறது என்பது.