உறைக்குள் இருப்பது

பத்திரிகையாளர் கூட்டங்களில் நிருபர் கையில் திணிக்கப்படும் உறைக்குத் தமிழ்நாட்டில் ‘கவர்’ என்று பெயர். அது பொய்யை விலைக்கு வாங்குகிறது என்று நினைப்பது அப்பாவித்தனம். அது வாங்குவது வருகையை; பிறகு, கேட்கப்படாமல் போகும் ஒரு கேள்வியை.

1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் வீதியில் பெண்கள் சிகரெட் பற்றவைத்து நடந்தது பெண் விடுதலைச் செய்தியாக வெளிவந்தது. சிகரெட் கம்பெனிக்காக அதை ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ். அது வித்தை. 1986 அக்டோபரில் ஃபுளோரிடாவில் நடந்தது விருந்து. டிஸ்னி ஸ்தாபனம் தன் கேளிக்கை உலகின் 15ஆம் ஆண்டு விழாவுக்குப் பத்திரிகையாளர்களை ஆயிரக்கணக்கில் அழைத்தது. முழுச் செலவையும் தரலாம், நாளுக்கு 150 டாலர் தரலாம், ஒன்றும் தராமலும் வரலாம். மனசாட்சிக்கு மூன்று விலைகள். 2019 மே மாதம் லடாக்கின் லே நகரில், பாரதிய ஜனதா கட்சியின் நிருபர் கூட்டத்தில் பண உறைகள் தரப்பட்டதாக உள்ளூர்ப் பத்திரிகையாளர் மன்றம் புகார் செய்தது, கட்சி மறுத்தது.

எங்கள் கூத்தாநல்லூரில் சபுராளி கொண்டுவரும் கோடாலித் தைலத்தை யாரும் லஞ்சம் என்பதில்லை. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது தெருவுக்கே தெரியும். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது எளிதில் புரிகிறது: பேரேட்டில் ஏறிய வரவைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், ஏறாததைப் பற்றிக் கேட்க முடியாது. கம்பெனி செலவில் பயணம் போன நிருபர் அதைத் தன் செய்தியிலேயே சொல்லவேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை கேட்பதும் இதற்காகத்தான்.

நாம் சிரித்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘மதிப்புரைக்கு இரு பிரதிகள் அனுப்பவும்’ என்று சிறுபத்திரிகைகளும் அச்சிட்டு வந்திருக்கின்றன. நண்பர் கையெழுத்திட்டுத் தந்த தொகுப்பு, வெளியீட்டு விழாவில் தோளில் விழுந்த துண்டு — இவற்றுக்கு நம் மதிப்புரைகளில் ஒரு வரி ஒதுக்குவோமா?