குளக்கரைக் கல்லும் கடாரத்துக் கல்லும்

முன்னுரை

கடாரம் குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டையொட்டிய கடற்படையெடுப்பில் தொடங்கி, அதன் வணிக நோக்கை ஆராய்வதில் நிறைவுறுகின்றன. அவ்வாய்வுகளின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், கடாரத்து மண்ணில் இன்றும் கிடக்கும் ஒரு சான்று நம் கவனத்தை முழுமையாகப் பெற்றதாகத் தெரியவில்லை. அது கல். அரசர் பெயர் பொறித்த கல்லை நாம் இங்குக் கருதவில்லை; சுவரிலும் தரையிலும் தூணடியிலும் வைக்கப்பட்டுப் பின்னர் பெயர்ந்து கிடக்கும் வெறுங்கல்லையே கருதுகிறோம்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், செமெலிங், மெர்போக் வட்டாரங்களில் வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் வளாகங்களிலும் சிறு குளம் அமைப்போரும், பழைய குளத்தைத் தூர்வாரிக் கரையை மீளக் கட்டுவோரும் உண்டு. இயற்கைக் கல்லே அழகு என்னும் எண்ணம் இப்போது பரவியுள்ளது, வரவேற்கத்தக்க எண்ணமே. ஆனால் எந்தக் கல், எவ்வாறு வைப்பது என்னும் இரண்டு வினாக்களோடு இவ்வட்டாரத்தில் மூன்றாவது வினா ஒன்றும் எழுகிறது: அக்கல் எங்கிருந்து வந்தது? முதலிரண்டிற்குத் தமிழர் நீர்நிலை மரபு விடை தருகிறது. மூன்றாவது வரலாற்று மாணவருக்கு உரியது.

கரைக்குக் கல் வைத்தல்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெள்ளறையில் மார்ப்பிடுகு பெருங்கிணறு என்னும் கேணி உள்ளது. தந்திவர்மப் பல்லவனின் நான்காம் ஆட்சியாண்டில் கம்பன் அரையன் என்பான் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாக அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம். அதாவது, 8ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நான்கு புறமும் படிகள் இறங்கித் திரும்பும் சுவத்திக வடிவினது. ஊரார் நாலுமூலைக்கேணி என்பர். பக்கச் சுவர் முழுதும் கல்லே. 1200 ஆண்டுகளாக அதன் வடிவம் கலையாமல் நிற்கிறது.

இத்தகைய கட்டுமானம் நிற்கும் முறையை அறிந்துகொள்வது பயனுடையது. மண் குளத்தில் நீரைப் பிடித்து வைப்பது களிமண். கல் அக்களிமண்ணைக் காக்கிறது. அலையும், நீர் அருந்த இறங்கும் மாடும், குளிக்க இறங்கும் மனிதரும் கரையைச் சிதைக்காதவாறு தடுப்பதே கல்லின் பணி. எனவே அடியில் பெருங்கல்லும் மேலே செல்லச் செல்லச் சிறுகல்லுமாக, கரையின் பக்கம் சற்றே சாய்த்து வரிசை வைப்பர். வரிசைக்குப் பின்னால் உடைகல் நிரப்புவர். இந்த உடைகல் கண்ணுக்குத் தெரியாதது. ஆயினும் கரையின் ஆயுள் அதில்தான் உள்ளது. குளத்து நீர் விரைந்து வற்றும்போது கரை மண்ணுக்குள் ஊறிய நீர் உடனே வற்றுவதில்லை. அது வெளியேற வழி தேடிச் சுவரை உட்புறமாகத் தள்ளும். இடைவெளியுள்ள கல் வரிசை அந்நீரைக் கசியவிட்டுத் தான் நிலைத்து நிற்கும். கசிவுத் துளை விடாமல் பூசிய சிமெந்துச் சுவர் வெடிக்கும். சில வேளைகளில் மொத்தமாகச் சாயும்.

கெடாவின் பருவநிலைக்கு இது நன்கு பொருந்துகிறது. தீபகற்பத்தின் வடமேற்கில் சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் மழை குறைந்து குளங்கள் தாழ்கின்றன. ஆண்டின் பிற்பகுதியில் பெருமழை. தாழ்வும் ஏற்றமும் ஆண்டுதோறும் மாறி வருவதால், காய்ந்து வெடிக்கும் களிமண்ணும் ஊறித் தள்ளும் கரையும் ஒருசேரச் சுவரைச் சோதிக்கின்றன. குளத்தை மீளக் கட்டுவதற்குரிய காலமும் அந்த வறண்ட திங்கள்களே. நீரை இறைத்து, கல்லை மேலிருந்து கீழாகப் பிரித்து, சேற்றை வாரி, புதுக் களிமண்ணை ஈரத்தோடு மிதித்து இறுக்கி, கல்லைக் கீழிருந்து மேலாக மீண்டும் வைப்பது முறை.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்று. கல் வரிசை பிரித்து மீண்டும் அடுக்கத்தக்கது. பராமரிப்பு என்பது அதன் இயல்பிலேயே அடங்கியுள்ளது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைத் தனியொரு வாரியமாகச் சுட்டுவதும், சோழர் காலத்தில் ஏரியாயம் என்னும் வரி வழங்கியதும் இதனை நினைந்தே ஆராயத்தக்கன. ஆனால் பிரித்து அடுக்கத்தக்க கல், பிரித்து எடுத்துச் செல்லவும் தக்கது. இத்தன்மையே அதன் கேடும் ஆயிற்று.

கங்கைகொண்டசோழபுரத்து மதில்

கடாரம் கொண்ட இராசேந்திரன் தன் தலைநகரில் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரியை, நீரால் ஆன வெற்றித்தூண் என்னும் பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. பிற்காலத்தில் பொன்னேரி எனப்பட்ட அதன் கரை சுமார் 16 மைல் நீளம் என்று பழைய மாவட்ட விவரச்சுவடிகள் குறித்தன. அவ்வேரிக்கு உரிய நகரின் பெருங்கோயிலுக்கு 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது கவனத்திற்குரியது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயிலின் சுற்றுமதில் முதலிய பகுதிகள் பிரிக்கப்பட்டு, அக்கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஊரார் தடுக்க முயன்றனர்; கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்குத் தரப்பட்டது. அவ்வாக்கு எந்த அளவில் நிறைவேறியது என்பதை இன்று அங்குச் செல்வோர் தாமே காணலாம்.

அணையால் டெல்டா உழவர் பெற்ற நன்மையை மறுப்பதற்கில்லை. நீருக்காகவே கல் எடுக்கப்பட்டது என்பதும் உண்மை. எனினும், எந்தக் கல் எந்த வரிசையில் நின்றது என்னும் குறிப்பு எழுதப்பட்டிருந்தால் அம்மதிலை நாம் ஏட்டிலாவது மீட்டிருக்க முடியும்.

உளி பட்ட கல்லின் குன்று

கெடாவிற்கு வருவோம். ஜெராய் மலையின் தென்சரிவில், மெர்போக்கிற்கு அருகே ஓடைக்கரையில் உள்ள இடம் புக்கிட் பத்து பகாட். மலாய்ச் சொற்களின் பொருள் உளியால் செதுக்கிய கல்லின் குன்று என்பதாகும். இவ்வட்டாரத் தொல்லெச்சங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் லோ குறித்திருந்தார். 1936–37இல் குவாரிச் வேல்ஸ் இணையர் அகழ்ந்தபோது இக்கோயில் 8ஆம் எண் பெற்றது. 1959–60இல் அலஸ்தேர் லேம்ப் மீண்டும் அகழ்ந்து அதனை அதே இடத்தில் மீட்டமைத்தார். கருங்கல்லால் ஆன விமானப் பகுதியும், அதன் முன் மண்டபமும் கொண்ட அமைப்பு. மண்டபத்துத் தூணடிக் கற்களின் நடுவே குழி உண்டு. மேலே நின்ற மரத்தூண்கள் அழிந்தன, குழிகள் எஞ்சின. விமானத்தின் அடியில் சிறு கற்பேழைகள் கிடைத்தன.

பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் அனைத்தும் கருங்கல்லால் ஆனவை அல்ல. செங்கல், செம்புறாங்கல், ஆற்றுக்கல் ஆகியனவும் பயன்பட்டன. வெட்டும்போது மென்மையாயும் காற்றில் இறுகுவதாயும் உள்ள செம்புறாங்கல் சுவருக்கு எளிது. மலையோடை உருட்டிக் கொணர்ந்த கல் அருகிலேயே கிடைத்தது. அருகில் கிடைப்பதை அதனதன் தன்மைக்கேற்ப வைத்தனர் என்பதே நாம் அறியும் செய்தி. குளம் கட்டுவோர் இன்று செய்வதும் அதுவே. மூன்றாவது வினா எழுவதும் இவ்விடத்தில்தான்.

தோட்ட மண்ணில் கல்

இப்பள்ளத்தாக்கின் தொல்லிடங்கள் பல, 20ஆம் நூற்றாண்டில் இரப்பர்த் தோட்டங்களாகவும் பின்னர் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் மாறிய நிலத்தில் உள்ளன. அந்நிலத்தைத் திருத்தியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கினர். காடு வெட்டிய கையும் கால்வாய் தோண்டிய மண்வெட்டியும் இக்கற்களைத் தொடாமல் இருந்திருக்க இயலாது எனக் கருதுவது மிகையாகாது. தோட்டத்து அம்மன் திருவிழாவில் கரகம் எடுக்க ஆற்றங்கரைக்கோ ஓடைக்கோ செல்லும் வழக்கம் நாம் அறிந்ததே. அவ்வோடைகள் சிலவற்றின் கரையில்தான் பழங்கோயில்களும் நின்றன.

சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய இடங்களும் செங்கல் கட்டடங்களும் எண்ணெய்ப்பனை வரிசைகளுக்கு இடையே வெளிப்பட்டன. அவற்றின் காலம் குறித்த விவாதம் இங்கு வேண்டுவதில்லை. அதே சுங்கை பத்துவில் வேல்ஸ் இணையர் 11ஆம் எண்ணிட்ட கோயிலின் எச்சம், வீடமைப்பிற்காக நிலம் சமன் செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. 2013 டிசம்பர்த் தொடக்கத்தில் அச்செய்தி வெளியாகிப் பெருங்குரல் எழுந்தது. தனியார் நிலம் என்பது தரப்பட்ட விளக்கம். கல் அழியவில்லை, செங்கல்லும் முழுதாக அழிவதில்லை. வரிசை அழிந்தது. வரிசை இல்லாதவிடத்துக் கோயில் இல்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் குளம் தோண்டுவோரும் பழங்கரையைப் பிரிப்போரும் கையில் எடுக்கும் கல்லை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. ஓடைக்கல் எல்லாப் பக்கமும் உருண்டிருக்கும். செதுக்கிய கல்லில் படுக்கையாக அமரும் சமதளம் ஒன்றேனும் இருக்கும். உளித்தடம் வரிசையாகத் தெரியும். நடுவே குழியோ, நீர் வழிய வெட்டிய வாயோ இருப்பின் ஐயம் குறையும். அத்தகைய கல்லைக் கழுவித் தேய்க்காமல், இடம் பெயர்க்காமல், கிடந்தவாறே படம் எடுத்துக் குறித்து வைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் (சட்டம் 645) இத்தகைய கண்டெடுப்பை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்குமாறு பணிக்கிறது. குளத்தின் பழங்கரை நூறாண்டுக்கு உட்பட்டதாயினும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம்: பிரிக்குமுன் வரிசைக்கொரு எண், கல்லுக்கொரு சுண்ணாம்புக் குறி, ஒரு வரைபடம். அரை நாள் வேலை. அடுக்கும்போது அந்த அரை நாள் மிச்சமாகும்.

தமிழாசிரியர்கள் மாணவரை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, இராசேந்திரன் பெயரைச் சொல்லிய பின்னர், வளாகத்துக் கற்கள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் காட்டலாம். அங்குப் பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களின் கோயில்களும் கொணர்ந்து நிறுத்தப்பட்டுள்ளன. அவை இப்போது நிற்கும் நிலம் அவை கட்டப்பட்ட நிலம் அன்று. புக்கிட் பத்து பகாட் கோயில் மட்டும் ஓடையின் அருகே, தன் பழைய அடித்தளத்தின் மேலேயே நிற்கிறது.