விடுதி பூட்டப்படும் நாள்

ஏப்ரல் கடைசியில் எங்கள் கல்லூரி விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். கோடை விடுமுறைக்கு விடுதி பூட்டப்படுகிறது, மாணவிகள் 30ஆம் தேதி மாலைக்குள் அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். துணைக் காப்பாளராக இருந்த ஆண்டுகளில் அந்தத் தாளில் கையெழுத்திட்டவள் நான்.

ஓராண்டு, எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி மட்டும் பலகை முன்னால் நின்றிருந்தாள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் என்று எனக்குத் தெரியும். “உங்க இல்லத்துக்குப் போகலையா?” என்று கேட்டேன். “பதினெட்டு முடிஞ்சிடுச்சும்மா. இனிமே அங்க தங்க முடியாது” என்றாள். என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்பதுபோல் உடனே சிரிக்கவும் செய்தாள். அவளுக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது. புத்தகங்கள் இருந்தன. நல்ல மதிப்பெண்ணும் இருந்தது. மே மாதம் படுத்துறங்க ஓர் இடம்தான் இல்லை.

பெண்கல்வி வரலாறு என்றால் பள்ளிகளையும் கல்லூரிகளையும் வரிசைப்படுத்துவதுதான் நம் வழக்கம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்த மாலைக்குப் பிறகு அதே வரலாற்றை வேறு கேள்வியோடு படிக்கத் தொடங்கினேன்: படிக்க வந்த பெண் இரவில் எங்கே தங்கினாள்? யார் அவளுக்குச் சோறு போட்டார்கள்?

1886இல் சில வாரங்கள் இடைவெளியில் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஒருவர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, விரைவிலேயே விதவையானவர். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். எழும்பூரில் ஒரு வீட்டில், விதவைச் சிறுமிகள் நால்வரைத் தம்மோடு தங்கவைத்துப் படிக்கவைத்ததில் அவருடைய பணி தொடங்கியது. பிறகு அந்த விடுதி கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுசுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம், மொட்டையடிக்கப்பட்ட சிறுமிகள் பாடம் படிக்கும் வீடாயிற்று. வயது கூடிய விதவைகளுக்காக 1927இல் சாரதா வித்யாலயாவும் உருவானது. ஆனால் ஐஸ் ஹவுஸ் விடுதியில் சேர்க்கப்பட்டவர்கள் பிராமண விதவைகள்.

மற்றவர் புதுக்கோட்டை முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காகவும் பிறப்புக்காகவும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதித்ததால்தான் படிக்க முடிந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். பின்னர் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராக அங்கே தீர்மானம் கொண்டுவந்தார்.

1930இல் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்க்க அவர் விடுதிகளை நாடினார். பிராமணப் பெண்களுக்கென்று இருந்த விடுதியும் ஏற்கவில்லை, மற்றவர்களுக்கான விடுதியும் ஏற்கவில்லை. அந்தப் பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் முத்துலட்சுமி. அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. சாதி பார்க்காமல் ஆதரவற்ற பெண்களையும் சிறுமிகளையும் ஏற்ற அந்த இல்லம் அடையாறில் வேரூன்றியது. பின்னாளில் அங்கே பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். சட்டத்துக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே ஒரு வீடு திறந்துவிட்டது.

அந்தப் பெயரை நினைத்துப் பார்க்கிறேன். நம் மரபு சொல்லும் அவ்வைக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடும் இல்லை. ஊர் ஊராய் நடந்தவள், கூழுக்கும் பாடியவள். அவளிடம் இருந்ததெல்லாம் கல்வி. குடும்பப் பெயர் சொல்ல முடியாத சிறுமிகளின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

இந்த வரலாற்றைப் புகழுரையாக மட்டும் படிக்க வேண்டியதில்லை. ஒழிப்பு மசோதாவை எதிர்த்துத் தேவதாசிப் பெண்களே அமைப்பாகத் திரண்டு மனு கொடுத்தார்கள். தங்கள் சொத்தும் கலையும் என்னவாகும் என்று அவர்கள் கேட்ட கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அடைக்கலம் கொடுப்பவர் அதோடு ஒழுக்கத்தையும் வரையறுத்துக் கொடுப்பார். தங்குபவளிடம் நன்றியை எதிர்பார்ப்பார். என் மாணவியின் சிரிப்பில் நான் கண்டது அந்த எதிர்பார்ப்பின் பழக்கம்தான். தன் உரிமையைக் கேட்கும்போதும் மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்கக் கற்றிருந்தாள்.

இன்று ஆதரவே இல்லை என்று சொல்ல முடியாது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் தந்த அரசு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 18 வயது நிறைந்து இல்லத்தைவிட்டு வெளியேறுபவர்களுக்குப் பின்பராமரிப்பு உண்டு என்கிறது. இருந்தும் பதினெட்டு என்பது கல்லூரியின் முதல் ஆண்டு. நம் பிள்ளைகளிடம் அந்த வயதில் “இனி உன் பாடு” என்று சொல்வோமா? பட்டம் பெற மூன்றாண்டு, பி.எட். படிக்க மேலும் இரண்டாண்டு. அதற்குள் எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி, எத்தனை மே மாதம்! ஒவ்வொன்றிலும் விடுதி பூட்டப்படும்.

அந்த மே மாதத்தில் அவள் என் வீட்டில் தங்கினாள். அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்பு எத்தனை பேர் சத்தமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த ஆண்டு ஆசிரியர் கூட்டத்தில் பேசினோம். வழக்கம்போல, விதி இடம் தராது என்றார்கள். மின்கட்டணத்தைச் சொன்னார்கள், பாதுகாப்பைச் சொன்னார்கள். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, கீழ்த்தளத்தில் நான்கு அறைகளை விடுமுறையிலும் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்கள். சமையற்கார அக்கா ஒருவர் துணைக்கு இருக்கச் சம்மதித்தார். முதல் கோடையில் அந்த அறைகளில் ஆறு பேர் தங்கினார்கள். ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது எங்கள் விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் பெயர், முகவரிக்குக் கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: ‘விடுமுறையில் தங்க இடம் தேவையா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. யாருக்கும் நன்றி சொல்லவும் வேண்டியதில்லை.