வல்லாரையும் ஒரு பிரெஞ்சு மருந்தாளரும்

வல்லாரையை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பரீட்சை வந்தால் ஞாபக சக்திக்கென்று வீட்டில் துவையல் அரைத்துவிடுவார்கள். ஆனால் அதன் தமிழ்ப் பெயர் நம் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வேதியியலுக்குள் போன கதை பலருக்குத் தெரியாது.

1852-இல் மொரீஷியஸில் இருந்த புவாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர், குஷ்டரோகத்துக்கு வல்லாரை பயன்படும் என்று எழுதினார். செய்தி இந்தியாவுக்கும் வந்தது. 1855-இல் சென்னையில் ஹண்டர் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே ஆண்டில் புதுச்சேரியில் லெப்பீன் என்ற மருந்தாளர் செடியைக் காயவைத்து ஆராய்ந்து, எண்ணெய் போன்ற ஒரு பொருளை எடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வெலாரீன்'. நம் வல்லாரைதான்! கினீன், மோர்ஃபீன் போல வால் சேர்த்துவிட்டார், அவ்வளவே.

1868-இல் இந்திய அரசின் மருந்து நூலிலும் வல்லாரை இடம்பெற்றது. ஆனால் 1874-இல் லண்டனில் புகழ்பெற்ற மருந்து நூலொன்றை வெளியிட்ட ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும், லெப்பீன் சொன்னது போன்ற பொருள் எதுவும் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். வெலாரீன் என்ற பெயர் நிலைக்கவில்லை. 1941-இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மடகாஸ்கரின் வல்லாரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். அதன் பெயர் 'ஆசியாட்டிகோசைட்'. புண் ஆற்றும் களிம்பாக அது பிரான்ஸ் மருந்துக்கடைகளில் விற்றது. தமிழ்ப் பெயர் போய், 'ஆசியா' மட்டும் மிஞ்சியது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன். நம்மூரில் நடந்த இந்த ஆராய்ச்சி பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி கிடையாது. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய நூல்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. பெயரைத்தான் காப்பாற்ற முடியவில்லை, கீரையையாவது காப்பாற்றலாமே.

வல்லாரைக்குத் தோட்டம் வேண்டாம், அகலமான தொட்டி போதும். விதையைத் தேடி அலையாதீர்கள். வேர்விட்ட ஒரு கொடித்துண்டை ஈரமண்ணில் பதித்தால் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். உச்சி வெயில் ஆகாது, அரைநிழல் நல்லது. மண் காயவே கூடாது. குழாயடியில் வைத்தால் தானே பிழைத்துக்கொள்ளும். இலையைக் காம்போடு கிள்ளுங்கள், கொடியை இழுக்காதீர்கள். இது சாக்கடை ஓரத்திலும் செழிக்கும், அங்குள்ள அழுக்கையும் உறிஞ்சும். எங்கே பறித்தது என்று தெரியாத கட்டை வாங்குவதைவிட வீட்டில் வளர்ப்பதே நல்லது.

லேசான கசப்புக்குப் புளியும் தேங்காயும் சேர்த்தால் துவையல் ருசிக்கும். தோசைமாவில் அரைத்து ஊற்றலாம், பருப்போடு கடையலாம். பேரப்பிள்ளைகள் என்ன கீரை என்று கேட்டால், பெயரை மட்டும் தமிழில் சொல்லிவிடுங்கள்.