அரசுத் தலைவர்களின் கவச மகிழுந்து

அரசுத் தலைவர்களின் கவச மகிழுந்து என்பது ஒரு நாட்டின் மன்னர், குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோரின் பயணத்துக்கென, துப்பாக்கிக் குண்டுகளையும் வெடிப்புகளையும் தாங்கும் வகையில் வலுவூட்டப்பட்ட மகிழுந்து (கார்) ஆகும். பேச்சு வழக்கில் இது "குண்டு துளைக்காத கார்" எனப்படுகிறது. வெளித்தோற்றத்தில் சொகுசு மகிழுந்தைப் போலவே இருப்பதால், படைத்துறையினர் பயன்படுத்தும் கவச ஊர்தியிலிருந்து இது வேறுபடுகிறது.

தலைவர் மக்களின் கண்ணில் பட வேண்டும். ஆனால் தாக்குவோரின் குறியில் படக்கூடாது. இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான முரண்பாடே இம்மகிழுந்துகளின் வடிவமைப்பை வழிநடத்தி வந்துள்ளது. கவசம் காலப்போக்கில் வலுப்பெற்றுள்ளது. எனினும் பெரும் தாக்குதல்கள் பல, கவசம் முடியும் இடத்தில், அதாவது கதவுக்கு வெளியிலோ திறந்த கூரையிலோ நிகழ்ந்துள்ளன.

பின்னணி

மகிழுந்து தோன்றுவதற்கு முன்னரே கவச வண்டிகள் இருந்தன. உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் பரிசளித்த, கவசமிட்ட குதிரை வண்டியைப் பயன்படுத்தினார். 1881 மார்ச் 13 அன்று சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் அவ்வண்டி மீது முதற் குண்டு வீசப்பட்டது. வண்டி சேதமுற்றது, பேரரசருக்குப் பெருங்காயம் ஏதும் ஏற்படவில்லை. ஆனால் அவர் வண்டியை விட்டு இறங்கி நின்றபோது வீசப்பட்ட இரண்டாவது குண்டு அவர் உயிரைப் பறித்தது.

1914 சூன் 28 அன்று சாராயேவோ நகரில் ஆத்திரிய இளவரசர் பிரான்சு பேர்டினண்டு, கூரை மடிக்கப்பட்ட கிரேப் உண்ட் சிடிப்ட் மகிழுந்தில் சென்றார். காலையில் வீசப்பட்ட குண்டிலிருந்து அவர் தப்பினார். பின்னர் தவறான தெருவில் திரும்பிய மகிழுந்து நின்றபோது அவரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்நிகழ்வு முதலாம் உலகப் போருக்கு உடனடிக் காரணமாயிற்று. அந்த மகிழுந்து இன்றும் வியன்னாவிலுள்ள படைத்துறை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

வரலாறு

தொடக்க காலம்

செருமனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1928 ஆம் ஆண்டு முதல் கவச மகிழுந்துகளைத் தயாரித்து வருகிறது. 1930களில் சப்பானியப் பேரரசர் இறோகித்தோவுக்கும் அந்நிறுவனத்தின் 770 வகைக் கவச மகிழுந்து வழங்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1939 இல் உருவாக்கப்பட்ட லிங்கன் திறந்த மகிழுந்தைப் பயன்படுத்தினார். மழைக்காலம் தவிரப் பெரும்பாலும் கூரை திறந்தே சென்றதால் அது "சன்சைன் ஸ்பெசல்" எனப் பெயர் பெற்றது. 1941 திசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட பின்னர், 1942 இல் அம்மகிழுந்துக்குக் கவசம் பொருத்தப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் யோசப் சுடாலினின் பயணத்துக்காக 1940களின் இறுதியில் சிஸ்-115 என்னும் கவச மகிழுந்து சிறு எண்ணிக்கையில் கட்டப்பட்டது. அதன் கண்ணாடிகள் சுமார் 75 மில்லிமீட்டர் தடிப்புள்ளவை.

கென்னடி கொலையும் அதன் விளைவும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் யோன் எஃப். கென்னடியின் 1961 ஆம் ஆண்டு லிங்கன் காண்டினென்டல் மகிழுந்தில் கவசம் இருக்கவில்லை. மாறாக, மக்கள் அவரை நன்கு காணும் பொருட்டு அதன் பின்னிருக்கையை உயர்த்தும் பொறி இருந்தது. கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் நெகிழிக் கூரையும் இருந்தது. அது மழையைத் தடுப்பதற்கானது, குண்டைத் தடுப்பதற்கானது அன்று. 1963 நவம்பர் 22 அன்று டாலசு நகரில் வானம் தெளிந்திருந்ததால் கூரையின்றியே மகிழுந்து சென்றது. கென்னடி அதில் அமர்ந்திருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அம்மகிழுந்து அழிக்கப்படவில்லை. நிலையான கூரை, கவசத் தகடுகள், குண்டு துளைக்காத கண்ணாடி ஆகியவை பொருத்தப்பட்டு 1964 இல் மீண்டும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே கவசத்தில் திறப்புகள் கோரப்பட்டன. லிண்டன் யோன்சன் காலத்தில் பின்பக்கக் கதவொன்றின் கண்ணாடி இறக்கி ஏற்றும்படி மாற்றப்பட்டது. ரிச்சர்ட் நிக்சன் காலத்தில், ஊர்வலங்களில் எழுந்து நின்று கையசைப்பதற்காகக் கூரையில் திறப்பு அமைக்கப்பட்டது. 1977 வரை பணியில் இருந்த இம்மகிழுந்து, மிச்சிகன் மாநிலம் டியர்போர்னிலுள்ள என்றி போர்டு அருங்காட்சியகத்தில் பார்வைக்கு உள்ளது.

1981 முதல்

1981 மார்ச் 30 அன்று வாசிங்டன் நகரில் விடுதி ஒன்றிலிருந்து வெளிவந்த ரொனால்டு ரேகன், மகிழுந்தில் ஏறும் முன்னர் சுடப்பட்டார். ஒரு குண்டு கவசக் கண்ணாடியில் பட்டு நின்றது. மற்றொரு குண்டு மகிழுந்தின் கவசப் பக்கத்தில் பட்டுத் தெறித்து, திறந்திருந்த கதவின் இடைவெளி வழியே சென்று அவரது இடது கையின் கீழ்ப் பாய்ந்தது. அதே மகிழுந்து அவரை விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது; அவர் உயிர் பிழைத்தார். பின்னர் அவ்விடுதியில், தலைவர்கள் வெளியார் பார்வையில் படாமல் வண்டியேற மூடிய வாயில் கட்டப்பட்டது.

அதே ஆண்டு மே 13 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வத்திக்கானில் திறந்த ஊர்தியில் சென்றபோது சுடப்பட்டுக் காயமுற்றார். இதன் பின்னர் திருத்தந்தையின் ஊர்திகளில் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு இடம்பெற்றது. 2013 இல் பதவியேற்ற திருத்தந்தை பிரான்சிசு, மக்களிடமிருந்து தம்மைப் பிரிப்பதாகக் கருதி, அக்கூண்டைத் தவிர்த்துத் திறந்த ஊர்தியையே விரும்பினார்.

கவசம் தன் பணியை முழுமையாகச் செய்தமைக்குச் சியார்சியா நாட்டின் நிகழ்வு சான்றாகும். 1998 பெப்ரவரி 9 அன்று திபிலீசி நகரில் குடியரசுத் தலைவர் எதுவார்த் செவர்த்நாத்சேயின் வாகன வரிசை, கையெறி குண்டு வீசிகளாலும் துப்பாக்கிகளாலும் தாக்கப்பட்டது. மெய்க்காவலர்கள் உயிரிழந்தனர். கவச மெர்சிடிஸ் மகிழுந்தில் இருந்த அவர் உயிர் தப்பினார்.

வடிவமைப்பு

கண்ணாடி

குண்டு துளைக்காத கண்ணாடி ஒரே பாளம் அன்று. கண்ணாடித் தகடுகளும் ஒட்டும் நெகிழிப் படலங்களும் மாறி மாறி அடுக்கப்பட்டு, உட்புறத்தில் பாலிகார்பனேட் தகடு வைக்கப்படுகிறது. கடினமான வெளிக் கண்ணாடி உடைந்து குண்டை நசுக்கி அதன் வேகத்தை உறிஞ்சுகிறது. பாலிகார்பனேட் வளைந்து கொடுத்து, கண்ணாடிச் சில்லுகள் உள்ளே தெறிப்பதைத் தடுக்கிறது. தடிப்பு மிகும்போது எடை கூடும். வெளிக்காட்சி சற்றுத் திரிந்து தோன்றும். எனவே சாளரங்கள் பெரும்பாலும் திறக்காதவையாக அமைக்கப்படுகின்றன.

உடற்பகுதி

கதவுகள், தூண்கள், கூரை, தரை ஆகியவற்றில் கடினமாக்கப்பட்ட எஃகும் கெவ்லர் போன்ற அராமிட் இழைகளும் பயன்படுகின்றன. கதவும் சட்டமும் சேரும் இடைவெளிகளே வலுவற்ற இடங்கள் என்பதால், அங்கு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைக்கப்படுகின்றன. தரைக்கு அடியில் வெடிப்பைத் தாங்கும் தகடு பொருத்தப்படுகிறது. கவசத்தைப் பின்னர் சேர்ப்பதைவிட, தொழிற்சாலையில் கட்டும்போதே உடற்கூட்டில் இணைப்பது சிறந்ததாகக் கருதப்படுகிறது.

சக்கரமும் பிற அமைப்புகளும்

தாக்குதலின்போது மகிழுந்தின் முதற்பணி அவ்விடத்தை விட்டு அகல்வதாகும். எனவே டயருக்குள் உறுதியான வளையம் வைக்கப்படுகிறது. காற்று முழுதும் இறங்கிய பின்னரும் சுமார் 30 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய டயர்கள் உள்ளன. 1962 ஆகத்து 22 அன்று பாரிசுக்கு அருகே சார்லசு டி கோல் சென்ற சிட்ரோயன் டி.எஸ். மகிழுந்தின் டயர்கள் சுடப்பட்டன. கவசமற்ற அம்மகிழுந்து, அதன் நீர்ம-வளிம அதிர்வுதாங்கியின் உதவியால் நிலைகுலையாமல் விரைந்து அவரைக் காத்தது. கவசம் மட்டுமே காப்பன்று என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

துளைபட்டாலும் தானே மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டி, தானியங்கித் தீயணைப்பு, நச்சுவளியிலிருந்து காக்கும் தூய காற்று வழங்கி, உள்ளிருந்தவாறே வெளியில் உள்ளவருடன் பேசும் ஒலி அமைப்பு ஆகியவையும் இடம்பெறுகின்றன.

தரநிலைகள்

ஐரோப்பாவில் முழு மகிழுந்தும் சுட்டும் வெடிக்கச் செய்தும் சோதிக்கப்பட்டு, "வி.ஆர்." என்னும் குறியுடன் தரப்படுத்தப்படுகிறது. 2021 இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் 680 கார்ட், வி.ஆர். 10 தரம் பெற்றது. அதன் எடை சுமார் 4.2 டன், இது வழக்கமான எஸ் வகுப்பு மகிழுந்தின் எடையைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் காடிலாக் மகிழுந்து "பீஸ்ட்" (விலங்கு) எனச் செல்லப்பெயர் பெற்றது. அதன் கவச விவரங்கள் மறைபொருளாகக் காக்கப்படுகின்றன.

வரையறைகள்

எடையே முதன்மையான குறைபாடு. எடை மிகுந்தால் தடை பிடிக்கும் தொலைவு நீளும். வளைவுகளில் கட்டுப்பாடு குறையும். எனவே ஓட்டுநர்களுக்குத் தனிப் பயிற்சி இன்றியமையாதது. 2011 மே மாதத்தில் பராக் ஒபாமாவின் அயர்லாந்துப் பயணத்தின்போது, வாகன வரிசையின் கவச மகிழுந்து ஒன்று டப்ளின் தூதரக வாயிலின் சரிவில் அடிப்பாகம் தட்டிச் சிக்கி நின்றது.

இரண்டாவது குறைபாடு மனிதர் சார்ந்தது. 2007 திசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில், பாக்கித்தானின் முன்னாள் பிரதமர் பெனசீர் பூட்டோ கவச ஊர்திக்குள் இருந்தார். மக்களை நோக்கிக் கையசைக்கக் கூரைத் திறப்பின் வழியே எழுந்து நின்றபோது தாக்குதல் நிகழ்ந்து அவர் உயிரிழந்தார். 1991 மே 21 அன்று தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில், இந்திய முன்னாள் பிரதமர் ராசீவ் காந்தி மகிழுந்திலிருந்து இறங்கி, மாலைகளை ஏற்றவாறு மேடையை நோக்கி நடந்தபோது தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். தேர்தல் காலத்தில் மக்களை நெருங்காத தலைவர் வெல்வது அரிது. நெருங்குகையில் எக்கவசமும் உடன் வருவதில்லை.

இந்தியாவில்

இந்தியப் பிரதமர்கள் நெடுங்காலம் இந்துத்தான் மோட்டார்சின் அம்பாசடர் மகிழுந்துகளையே பயன்படுத்தினர். அவற்றில் குண்டு துளைக்காதவையும் இருந்தன. 1984 இல் இந்திரா காந்தி தம் இல்லத்தில் கொல்லப்பட்ட பின்னர், 1985 இல் பிரதமரின் பாதுகாப்புக்கெனச் சிறப்புப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில், அடல் பிகாரி வாச்பாய் காலத்தில், கவசமிட்ட பி.எம்.டபிள்யூ. 7 வரிசை மகிழுந்துகள் அம்பாசடரின் இடத்தைப் பிடித்தன. 2021 திசம்பரில் நரேந்திர மோதியின் வாகன வரிசையில் மெர்சிடிஸ்-மேபாக் எஸ் 650 கார்ட் இடம்பெற்றது.

இவற்றையும் பார்க்கவும்

கெவ்லர்
யோன் எஃப். கென்னடி கொலை
சிறப்புப் பாதுகாப்புக் குழு
இந்துத்தான் அம்பாசடர்