மேல்நீரும் கீழூரும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்றோர் இரும்பாலை நகரம் உண்டு. அதற்கு 14 மைல் மேலே, மலைகளுக்கிடையில், சவுத் போர்க் என்னும் அணை இருந்தது. மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய கரை. உயரம் 72 அடி, நீளம் 931 அடி. கால்வாய்ப் போக்குவரத்துக்கென மாநில அரசாங்கம் கட்டத் தொடங்கி 1853-ல் முடித்தது. இருப்புப்பாதை வந்தது, கால்வாய்க்கு வேலையில்லாமற் போயிற்று. அணை கைமாறிக் கைமாறி, 1879-ல் பிட்ஸ்பர்க் நகரச் செல்வர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கத்துக்கு உடைமையாயிற்று. ஆண்ட்ரூ கார்னகியும் அதன் உறுப்பினர்.

இடையில் உடையவராயிருந்த ஒருவர், அணையின் அடியிலிருந்த 5 வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்! மதகில்லாத ஏரிக்குக் கலிங்கு ஒன்றே கதி. சங்கத்தாரோ, விலைகொடுத்து விட்ட மீன்கள் தப்பிவிடலாகாதென்று, அக்கலிங்கிலும் இரும்புத் தட்டி அமைத்தனர். வண்டிகள் செல்ல வசதியாகக் கரையின் முகட்டையும் சிறிது தாழ்த்தினர்.

1880-ல் இரும்பாலையின் பொறியாளர் ஜான் புல்ட்டன் அணையைப் பார்வையிட்டார். நீரை வெளியேற்றக் குழாய் இல்லை, பழுதுபார்த்த முறையும் செம்மையன்று என எழுதினார். செலவில் ஒரு பங்கு தரவும் ஆலைத் தலைவர் முன்வந்தார். சங்கம் இசையவில்லை. இசையுமாறு வற்புறுத்தச் சட்டமும் அன்று இல்லை.

1889 மே 31-ல் பெருமழை. தட்டியில் செத்தைகள் அடைத்துக்கொள்ள, நீர் முகட்டின்மேல் வழிந்து கரையை அரித்தது. பிற்பகல் ஏறக்குறைய 3 மணிக்கு அணை உடைந்தது. ஒரு மணி நேரத்தில் வெள்ளம் நகரை அடைந்தது. மாண்டவர் 2,209 பேர். வழக்குகள் நடந்தன, சங்கத்திடமிருந்து எவரும் ஈடு பெற்றாரில்லை.

சட்டம் மெல்லவே நடந்து வந்தது. 1972-ல் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கழிவுநீரைத் தேக்கிய கரை உடைந்து 125 பேர் இறந்தனர். அவ்வாண்டே அணைச் சோதனைச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1977-ல் ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் என்னும் தனியார் மண்ணணை 39 உயிர்களைக் கொண்டபின்னரே, அபாயம் மிக்க தனியார் அணைகளின் சோதனை முறையாகத் தொடங்கிற்று.

இன்று அந்நாட்டில் அணைகளை மூவகையாகப் பிரிக்கின்றனர். உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடுமாயின் உயர் அபாயம். உயிரிழப்பின்றிப் பெரும் பொருளிழப்போ சுற்றுச்சூழற் கேடோ நேருமாயின் இடைத்தரம். உடையவருக்கே சிறு நட்டம் என்னும் அளவில் நிற்பது தாழ்ந்த தரம். பலர் இங்கே தடுமாறுவர். இவ்வகுப்பு கரையின் வலிமையைக் குறிப்பதன்று. பாறைபோல் உறுதியான அணையும் உயர் அபாய வகையில் இருக்கலாம். ஓர் உழவர் தம் பண்ணைக் குட்டையின் கரையில் ஒரு கூடை மண்ணும் மாற்றாதிருக்க, கீழே அயலார் வீடு கட்டியதனாலேயே அக்கரை மேல்வகைக்கு ஏறிவிடக்கூடும். சோதனைச் செலவோ உழவர் தலையில்! அவர் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு.

தேங்கியிருப்பது தண்ணீராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1995 ஜூனில் வட கரோலினாவின் ஆன்ஸ்லோ வட்டாரத்தில், பன்றிப் பண்ணையொன்றின் கழிவுக்குட்டைக் கரை பெருமழைக்குப் பின் உடைந்தது. ஏறக்குறைய இரண்டரைக் கோடி காலன் கழிவு வயல்களைக் கடந்து நியூ ஆற்றில் கலந்தது. மனிதர் எவரும் மாளவில்லை. மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. உயிரிழப்பை மட்டும் எண்ணும் கணக்கில் அக்கரைக்கு இடமே இருந்திராது.