கறுக்க ஆசைப்படுறவங்க, கறுத்துடுவோம்னு பயப்படுறவங்க... வெயில் விஷயத்தில் ஊருக்கு ஊர் ஏன் இந்த வித்தியாசம்?

சீனாவின் சிங்தாவ் கடற்கரையில் கோடைகாலத்தில் ஒரு விநோதக் காட்சியைப் பார்க்கலாம். கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை விட்ட துணி முகமூடியோடு பெண்கள் கடலில் குளிப்பார்கள். இதற்கு 'ஃபேஸ்கினி' என்று பெயர். ஜெல்லி மீன் கொட்டாமல் இருக்கவும் உதவும். ஆனால் முக்கியக் காரணம், முகம் கறுக்கக் கூடாது!

அதே கோடையில் ஸ்பெயின் கடற்கரைக்குப் போனால் கதையே வேற. பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் காசு செலவு பண்ணி வந்தவங்க, தோல் பழுப்பாகணும்னு மணிக்கணக்கில் வெயிலில் படுத்திருப்பார்கள்.

ஏன் இப்படி?

இரண்டுக்கும் பின்னால் இருப்பது அந்தஸ்துதான். வயலில் வேலை செய்பவர் கறுப்பார், வீட்டுக்குள் இருப்பவர் கறுக்க மாட்டார். அதனால் ஆசியாவின் பல பகுதிகளில் வெளுத்த தோல் வசதியின் அடையாளமானது. 19-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கேயும் சீமாட்டிகள் குடை பிடித்துத்தான் நடந்தார்கள்.

தொழிற்சாலைகள் வந்ததும் நிலைமை தலைகீழானது. கூலித் தொழிலாளி கூரைக்கு அடியில் வெளிறிப்போனார். லீவு போட்டு கடற்கரைக்குப் போக முடிந்தவர்தான் பழுப்பானார். மருத்துவமும் இதற்குக் கைகொடுத்தது. தோலில் வரும் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கொடுத்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-ல் நோபல் பரிசு வாங்கினார். 1920-களில் பழுப்புத் தோல் ஃபேஷன் ஆனது. கோகோ ஷனெல்தான் இதை ஆரம்பித்து வைத்தார்னு ஒரு கதை உண்டு. ஆனால் ஒரே ஆளால் வந்த மாற்றம் இல்லை இது.

விலை கொடுத்த ஆஸ்திரேலியா

பிரிட்டிஷ் வம்சாவளியினரின் வெளிர் தோல், ஆஸ்திரேலியாவின் கடும் வெயில். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கே மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகை தோல் புற்றுநோய் வருகிறது. 1981-ல் 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்' பிரசாரம் தொடங்கியது. சட்டையைப் போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்று ஒரு கார்ட்டூன் கடற்பறவை பாடி ஆடியது. பல பள்ளிகளில் தொப்பி இல்லையென்றால் மைதானத்தில் விளையாட முடியாது. செயற்கை ஒளியில் தோலைக் கறுக்க வைக்கும் 'டேனிங்' படுக்கைக் கடைகளும் தடை செய்யப்பட்டன. 2009-லேயே பிரேசில் இந்தப் படுக்கைகளுக்குத் தடை போட்டிருந்தது. பிரிட்டனிலோ 18 வயது தாண்டியவர்கள் இன்றும் போகலாம்.

நம்ம ஊரில்?

"வெயில்ல சுத்தாத, கறுத்துடுவ." இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். சன்ஸ்கிரீனைக்கூட பலர் வெள்ளையாக்கும் கிரீம்னு நினைத்துத்தான் வாங்குகிறார்கள். அது வேலை செய்வது புற ஊதாக் கதிரைத் தடுக்க; யாரையும் வெள்ளையாக்க இல்லை.

கறுப்புத் தோலில் உள்ள மெலனின் இயற்கையான பாதுகாப்பு. அதனால் நம்மிடையே தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் அதே மெலனின் காரணமாக, வைட்டமின் டி உருவாக நமக்குக் கூடுதல் நேர வெயில் தேவை. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் இந்தியாவில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதும், வெளியே போனால் முழுக்க மூடிக்கொண்டு போவதும் இதற்குப் பெரிய காரணங்கள்.

"கறுப்பா இருக்கிறவங்களுக்கு தோல் புற்றுநோயே வராது" என்பதும் தப்பு. ஜமைக்கா பாடகர் பாப் மார்லி 1981-ல், 36 வயதில் இறந்தது கால் விரலில் தொடங்கிய மெலனோமாவால். இந்த வகை வெயிலால் வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும். அங்கே புதிதாகக் கரும்புள்ளியோ கோடோ தோன்றி வளர்ந்தால், தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.